சிங்கம் கவரில், பெருமாள் ஸ்டாம்பில்

ஸ்டாம்ப் வியாபாரத்துக்கு இரண்டே விரோதிகள்தான். ஒன்று தண்ணீர், இன்னொன்று நல்லெண்ணம். தண்ணீரையாவது மூடி போட்ட டப்பா வாங்கித் தடுத்துவிடலாம். நல்லெண்ணத்தோடு படியேறி வருகிறவர்களை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். உங்களில் யாராவது ஒரு தபால் தலையையாவது ஆல்பத்தில் வைத்துக் காப்பாற்றியவராக இருந்தால், இதைப் படிக்கும்போது "ஐயோ, எனக்கும்!" என்று கத்துவீர்கள். தாராளமாகக் கத்துங்கள். நானும் கத்திவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பலகை பார்த்த வேலை

கிழக்கு தாம்பரத்தில் பாஷா பாயின் டெய்லர் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் என் கடை. நானும் ஒரு மேஜையும் நான்கு பீரோவும் உள்ளே போனால் அதற்குமேல் இடமில்லை. வாசலில் ஆசை ஆசையாகப் பலகை மாட்டினேன்: ‘ரூபி ஸ்டாம்ப்ஸ்’. பத்திர ஆபீஸுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு பலகை மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் ஸ்டாம்ப் என்றால் பத்திரத்தாள். இல்லாவிட்டால் ரப்பர் ஸ்டாம்ப். அதுவும் இல்லையென்றால் வாடகை ரசீதில் ஒட்டுகிற ரெவின்யூ ஸ்டாம்ப். தபால் தலை என்று நினைத்து வருகிறவர் கடைசியில்தான் வருவார், அவரும் மூச்சு வாங்கிக்கொண்டு.

அப்படிப் பத்திரத்தாள் கேட்டு வந்தவர்தான் ஏகாம்பரம் அண்ணன். மாடம்பாக்கத்துக்காரர். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது அதே நிலத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். "அக்ரிமெண்ட் போடணும், ரெண்டு ஸ்டாம்ப் குடும்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் ஐந்தாவது ஆள். எனக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் மனுஷர் வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கிறாரே என்று தண்ணீர் கொடுத்து, ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். மயில், ரயில், ராஜா தலை, ராக்கெட் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். "சோக்கா கீதும்மா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆகா, ஒரு புது ரசிகரைப் பிடித்துவிட்டோம் என்று அடுத்த ஆல்பத்துக்கு எழுந்தபோது, விரலால் மயிலைச் சுட்டிக் கேட்டார்:

"அல்லாம் சரி, இதுல கையெழுத்து எங்கம்மா போடறது?"

ஒரே ஒரு காலி இடம்

இனி ஜெபராஜ் சாரைச் சொல்லியாக வேண்டும். குரோம்பேட்டையில் இருக்கிறார், ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் ஸ்டாம்பை மட்டும் சேர்ப்பதில்லை, அதன்மேல் விழுந்த தபால் முத்திரையையும் சேர்த்துத்தான் சேர்ப்பார். அதிலும் ஒரு தனிப் பைத்தியம். வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை ஸ்டாம்ப், அதன்மேல் நம் ரயில் பாதையில் இருக்கிற ஊர்களின் முத்திரை. பல்லாவரம் கிடைத்துவிட்டது. தாம்பரம் இருக்கிறது. வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. நடுவில் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊருக்கு மட்டும் பக்கம் காலி.

கேட்டால் சின்ன விஷயம். ஆனால் அந்த ஒரு காலி இடத்துக்காக மனுஷர் பல வருஷமாக அலைந்திருக்கிறார், ஏமாந்திருக்கிறார். ஒருத்தன் கலர் ஜெராக்ஸை அனுப்பினான். இன்னொருத்தன் சிங்கப்பூர் முத்திரையை அனுப்பிவிட்டு ‘ஸ்பெல்லிங் கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்றான். ஆகவே யாரைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம். என் கடைக்கு வந்தால் என் லென்ஸை நம்பமாட்டார், பையிலிருந்து தன் லென்ஸை எடுப்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், சிங்கப்பெருமாள் கோவிலை நான் கொண்டுவந்து உங்க கையில வெக்கறேன். ஒரிஜினலா, கவரோட, முழு முத்திரையோட. இல்லைன்னா இந்தப் பலகையைக் கழட்டிடறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கழட்டும்போது சொல்லும்மா, ஸ்க்ரூ டிரைவர் எங்கிட்ட இருக்கு."

சொந்தக் கோந்து

வாய் விட்டாகிவிட்டது, தேட வேண்டாமா? குரோம்பேட்டையில் மாதம் ஒரு ஞாயிறு ஒரு ஸ்கூல் ஹாலில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அங்கே போய்விட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மேஜை மேஜையாக ஆல்பங்கள், அட்டைப்பெட்டி நிறைய கவர்கள், காகிதமும் தூசியும் கலந்த அந்த வாசனை! புடவைக் கடையில் எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதே இல்லை.

யாரை நம்புவது என்பதற்கு எனக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. கேட்ட கேள்விக்கு "தெரியாது மேடம்" என்று சொல்கிறவரிடம் வாங்கலாம். எல்லாம் தெரிந்தவரிடம் டீ மட்டும் வாங்கிக் குடிக்கலாம். அன்றைக்கு மூலை மேஜையில் எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தார். பளபளவென்று ஒரு பழைய ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் அத்தனை வயசு, பின்பக்கம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கிற்று. உங்களுக்குத் தெரியாததா? பழைய ஸ்டாம்பின் பின்னால் அந்தக் காலத்துக் கோந்து அப்படியே இருந்தால் தனி மவுசு. அதனால் கழுவிப் போனதற்குப் புதிதாகத் தடவிவிடுகிற ஆட்கள் உண்டு. "அண்ணா, கோந்து ஒரிஜினல்தானா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒரிஜினல் கோந்துதான் மேடம், போன வாரம்தான் பாட்டிலோட வாங்கினேன்."

சேலையூர் அம்மாவின் ஏற்பாடு

அதன்பிறகு கடைக்கு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "வீட்ல பழைய கவர் ஏதாவது இருக்கா?" என்பதுதான். பத்திரத்தாள் கேட்டு வந்தவர், ரப்பர் ஸ்டாம்ப் கேட்டு வந்தவர், வழி கேட்டு வந்தவர், ஒருத்தரையும் விடவில்லை. ஏகாம்பரம் அண்ணனிடமும் சொல்லி, என் நம்பரைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

சேலையூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மாமனார் ரயில்வேயில் இருந்தவராம். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து அவருக்கு வந்த பழைய கவர்கள் ஒரு கட்டு இருக்கிறதாம். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பத்திரமா எடுத்துட்டு வாங்க மேடம், ரொம்பப் பத்திரமா" என்று மூன்று தடவை சொன்னேன். அங்கேதான் கெட்டது காரியம். மறுநாள் அவர் வந்து பையைத் திறந்தார். ஒவ்வொரு கவரும் லேமினேஷனுக்குள் கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடையில் நின்று, சூடு போட்டு, ஓரம் வெட்டி, மூலை மழுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே தேடிப் பார்த்தேன், நல்லவேளையாக அதில் சிங்கப்பெருமாள் கோவில் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே மயக்கம் போட்டு விழுந்திருப்பேன். நான் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மேடம், இனிமே சாம்பார் கொட்டினாக்கூட தொடச்சிக்கலாம்!"

ராஜாவும் பின்கோடும்

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முழங்கால் வலி என்று ஒரு படிக்கு ஒரு தரம் நின்று வருகிற ஜெபராஜ் சார், அன்றைக்கு ஓடி வருகிறார். கையில் இனிப்பு டப்பா. "ரூபி, கிடைச்சிடுச்சு! நீ தோத்துட்டே!" ஏதோ ஒரு வாட்ஸப் குரூப்பில், ‘நூறு சதவீதம் ஒரிஜினல், கேரண்டி’ என்று ஒருத்தன் போட்டிருக்கிறான். இவர் வாங்கிவிட்டார். ஆறாம் ஜார்ஜ் தலை, பழுப்பேறிய கவர், வட்ட முத்திரை, அதில் ஆங்கிலத்தில் முழுசாகச் சிங்கப்பெருமாள் கோவில். எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் புல்லரித்தது. தோற்றால் என்ன, இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தோமே!

லென்ஸை வைத்தேன். ஊர்ப் பெயருக்குக் கீழே, அழகாக, ஆறு இலக்கத்தில் பின்கோடு. ராஜா போய், நாடு விடுதலையாகி, எழுபதுகளில்தான் நமக்குப் பின்கோடே வந்தது. இந்த முத்திரையை வெட்டினவன் இன்றைக்கு இருக்கிற தபால் ஆபீஸ் பலகையைப் பார்த்து வெட்டியிருக்கிறான். லென்ஸை அவர் பக்கம் தள்ளினேன். பார்த்தார். அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இனிப்பு டப்பாவின் ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறாராம். சென்னை பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு மொத்த வியாபாரி கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவாராம். அந்த ஆளை எனக்கும் தெரியும். ஆல்பத்தைப் பிரித்து, கவரிலிருந்து ஸ்டாம்பைக் கழற்றி, கலந்து, பாக்கெட் போட்டு விற்பான். பல்லாவரம் ஒரு ஊருக்குப் போகும், வண்டலூர் இன்னொரு ஊருக்கு. அத்தனை வருஷம் ஒவ்வொன்றாகக் கோத்தது சிதறிப்போகும். "சார், எனக்கு இந்த ஒரு வாரம் குடுங்க" என்று கெஞ்சினேன். படி இறங்கும்போது திரும்பாமலே சொன்னார்:

"வாரம் எடுத்துக்கோம்மா. ஆனா இனிமே நான் யாரையும் நம்பறதா இல்ல, உன்னையும் சேர்த்துத்தான்."

சொன்னபடியே செய்தார்

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் ‘டிங்’ என்றது. ஏகாம்பரம் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். ‘இது மாரி கவரா?’ என்று கீழே ஒரு வரி. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றரை அணா ஸ்டாம்ப், ஜார்ஜ் ராஜா. பாதி ஸ்டாம்பிலும் பாதி கவரிலுமாக விழுந்த வட்ட முத்திரை. எழுத்தைக் கூட்டிப் படித்தேன். சிங்க... பெரு... மாள்... கோவில்!

நான் போட்ட கூச்சலில் கீழே பாஷா பாய் மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, பாம்பா?" என்று கேட்டார். பாம்பும் இல்லை, தேளும் இல்லை, பெருமாளே வந்திருக்கிறார் பாய்! பெருமாளைப் பார்த்து நான் ஏசுவே ஏசுவே என்று கத்திக்கொண்டிருந்தேன். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். அனுபவப்பட்டவள் இல்லையா, ஒவ்வொன்றாகச் சொன்னேன். தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே வரக்கூடாது. லேமினேஷன் என்ற வார்த்தையையே நினைக்கக்கூடாது. "சரிம்மா, சரிம்மா, நாளைக்கே எடுத்துகினு வர்றேன்" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. தூங்கியிருந்தாலும் கனவில் கவர்தான் வந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். ஸ்டாம்ப் மட்டும் விழுந்தது. ஓரத்தில் ஒரு பல் உடையாமல், ஒரு மூலை மடங்காமல், தனியாக. அதன்மேல் முத்திரையில் பாதி வட்டம். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. "அண்ணா, நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட!" என்று அலறினேன். அவர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்ன மாரியேதாம்மா! தண்ணி படல, கத்திரி படல, இட்லி குண்டான் ஆவில காட்னேன், தானா வந்துட்ச்சு!"

சிங்கம் எங்கே?

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஸ்டாம்பில் இருந்தது முத்திரையின் வலது பாதி, ‘மாள் கோவில்’. முன்னால் இருக்கவேண்டிய ‘சிங்கப்பெரு’ கவரோடு நின்றுவிட்டது. "கவர் எங்கண்ணா? தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். அதில் அவருடைய தாத்தா பெயர் எழுதியிருக்கிறதாம். தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது, வேறு ஒன்றும் கிடையாது, யாரோ ஒருத்தர் மையால் எழுதின அந்தப் பெயர்தான் வீட்டில் இருக்கிறதாம். "உனுக்கு ஸ்டாம்ப்தான வேணும்? கவர் எதுக்கும்மா?" என்றார். நியாயமான கேள்வி. பலகையில் நான் அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறேன்!

மேஜைமேல் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, இந்தப் பாதியும் அந்தப் பாதியும் சேர்ந்தால்தான் ஊர் என்று விளக்கினேன். கவர் இல்லையென்றால் ஜெபராஜ் சாரின் ஆல்பம் நாளைக்குப் பாரீஸ் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அடடா, அப்ப சிங்கத்த வூட்ல உட்டுட்டு பெருமாள மட்டும் இட்டாந்துட்டனா!"

இட்லி ஆவியின் சாட்சி

என் ஸ்கூட்டரில் அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து மாடம்பாக்கம் போய், கவரை எடுத்துக்கொண்டு, அப்படியே குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்குப் பார்த்து அத்தனை கூட்டம். பின்னால் அண்ணன் கவரை ஒரு பெரிய டைரிக்குள் வைத்து, டைரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மெதுவாம்மா, தாத்தா கீறாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜெபராஜ் சார் வீட்டு ஹாலில் ஆல்பங்கள் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டித் தயாராக இருந்தன. மேஜைமேல் கவரை வைத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், இட்லி குண்டான் உட்பட. இதை மறைத்து ஒட்டிக் கொடுத்திருந்தால் அந்தப் பின்கோடு ஆசாமிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பிறகு ட்வீசரால் ஸ்டாம்பை எடுத்து, கவரில் அது இருந்த இடத்தில் மெல்ல வைத்தேன். கோடும் கோடும் சேர்ந்தது. எழுத்தும் எழுத்தும் சேர்ந்தது. வட்டம் மூடிக்கொண்டது. சிங்கப்பெருமாள் கோவில், முழுசாக!

சார் லென்ஸை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பின்கோடு இருக்கிறதா என்றுகூடத் தேடினார், எனக்குத் தெரியும். பிறகு லென்ஸை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். "போலி பண்றவன் சுத்தமாப் பண்ணுவான் ரூபி. எந்தப் போலிக்காரனும் இட்லி குண்டான் வரைக்கும் போகமாட்டான்" என்றார். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தின் கீழே ‘இட்லி ஆவியில் பிரிந்து மறுபடி சேர்ந்தது’ என்று அவரே எழுதப்போவதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மொத்த வியாபாரி போன் செய்தான். "நாளைக்கு வேணாம்ப்பா, என் காலத்துக்கப்புறம் வந்து பாரு" என்று வைத்துவிட்டார். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கவேண்டும்போல இருந்தது, குதித்தும்விட்டேன்.

ஆனால் கவர் அண்ணனுடையது. விற்கமாட்டார், விலை பேசவும் மாட்டார். சார் தயங்கித் தயங்கி, கவர் ஆல்பத்தில் இருக்கட்டும், கேட்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவேன், வேண்டுமானால் அதை முறையாக ஸ்டாம்ப் பேப்பரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். யாரையும் நம்பாதவர் அல்லவா, தன்னையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். ஏகாம்பரம் அண்ணன் தாத்தாவின் பெயரை ஒருமுறை விரலால் தடவாமல் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கவரைச் சார் பக்கம் நகர்த்தினார்.

"ஸ்டாம்ப் பேப்பருக்கு எங்க சார் போறது, இந்தப் பொண்ணு கடையில அது மட்டும்தான் கெடையாது, அப்பறம் இன்னா, நம்பித்தான் குடுக்கணும்!"

பலகை இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது, பத்திரத்தாள் கேட்டு இன்றைக்கும் நாலு பேர் படியேறி வந்தார்கள், ஒரே வித்தியாசம், இப்போதெல்லாம் நான் கோபப்படாமல் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "வீட்ல இன்னைக்கு இட்லியா?" என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் பழைய கவர் இருக்கிறதா என்று கேட்கிறேன்.